புதுமை என்றொரு கெட்ட வார்த்தை

1548 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஓர் அரசாணை வந்தது. சர்ச் சடங்குகளில் எவனும் தன் இஷ்டத்துக்குப் புதுமை செய்யக் கூடாது; செய்தால் சிறை. ஆணையிட்ட மன்னர் ஆறாம் எட்வர்டுக்கு அப்போது வயது பத்து. விளையாடித் திரிகிற வயதில் புதுமை மேல் அப்படியென்ன கடுப்பு என்று பையனைக் கேட்டுப் பயனில்லை. அவன் பெயரில் ராஜ்யத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அவனுடைய தாய்மாமன் சாமர்செட் பிரபு.

ஆணை போட்ட குடும்பத்தின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எட்வர்டின் அப்பா எட்டாம் ஹென்றி. பெண்டாட்டியைத் தள்ளிவைக்கப் போப் சம்மதிக்கவில்லை என்பதற்காகப் போப்பையே தள்ளிவைத்தவர். மடங்களை இழுத்து மூடி, நிலபுலன்களைக் கைப்பற்றி, விற்றுக் காசாக்கியவர். மாமன் மட்டும் லேசுப்பட்டவரா? ஆணை வந்த மறுவருடமே, காலங்காலமாக லத்தீனில் நடந்துவந்த வழிபாட்டை நாடு முழுக்க இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டார். டெவன், கார்ன்வால் பக்கத்து ஜனங்கள், பழைய பூசையே போதும் சாமி என்று கிளர்ந்தெழுந்தார்கள். பதிலுக்குப் படை வந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

ஆக, சட்டம் எளிமையானது. அரசாங்கம் செய்தால் அது சீர்திருத்தம். அதையே நீ செய்தால் புதுமை, உள்ளே போ.

இன்றைக்கு இன்னோவேஷன், புத்தாக்கம் என்று உலவுகிற அதே சொல்லின் செல்வாக்கே வேறு. இந்திய அரசு 2010 முதல் 2020 வரையிலான காலத்தைப் புத்தாக்கப் பத்தாண்டு என்று அறிவித்தது. 2016-இல் அடல் இன்னோவேஷன் மிஷன் வந்தது. 2018-லிருந்து கல்லூரிதோறும் இன்னோவேஷன் கவுன்சில். அந்தச் சொல் இல்லாத ப்ராஸ்பெக்டஸை அச்சகத்துக்காரரே வாங்க மாட்டார். பக்கத்தில் ஜோடியாகக் கிரியேட்டிவிட்டி என்கிற படைப்பாற்றலும் நிற்கும். 

இந்த ஜோடியில் மக்களுக்கு யார் மேல் பிரியம் அதிகம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூகிள் ட்ரெண்ட்ஸில் இரண்டு சொற்களையும் போட்டால், 2004-லிருந்து இன்றுவரை யார் எவ்வளவு தேடப்பட்டார்கள் என்று இரண்டு கோடுகள் வரும். அவற்றை வைத்துக்கொண்டு படைப்பாற்றல் யுகம் முடிந்தது, புத்தாக்க யுகம் பிறந்தது என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2004 எல்லாம் நேற்று. இந்த இரண்டு பேரின் பழைய சரித்திரம் தெரிந்தால் கோட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

காது கொடுத்துக் கேட்ட நீதிமன்றம்

புதுமையை வெறுத்ததில் இங்கிலாந்துக்காரர்கள் முதல் ஆட்கள் இல்லை. கிரேக்கத்தில் பிளேட்டோ, சிறுவர்கள் விளையாடுகிற விளையாட்டைக்கூட மாற்ற விடாதீர்கள் என்றார். இன்று ஆட்டத்தின் விதியை மாற்றுகிறவன் நாளை சட்டத்தை மாற்றுவான் என்பது அவர் பயம். ஆனால் பயத்தைக் காதுவரை கொண்டுபோன பெருமை லண்டனுக்குத்தான்.

1630-களில் முதலாம் சார்லஸ் ஆட்சி. கேன்டர்பரி பேராயர் வில்லியம் லாட். ஒழுங்கு, சுத்தம், மரியாதை என்று உயிரை விடுகிற மனிதர். அந்தக் காலத்து ஆங்கிலேயச் சர்ச்சுகளில் திருவிருந்து மேசை பல இடங்களில் நடுவில் கிடக்கும். வருகிறவன் போகிறவன் தொப்பியை வைப்பான். லாட் பார்த்தார். மேசையைக் கிழக்குச் சுவர் ஓரம் தள்ளு, சுற்றிக் கம்பி அடி, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடு என்றார். ஒரு மேசையை நாலடி நகர்த்தியதுக்கு நாடே ரெண்டுபட்டது. தூய்மைவாதிகளான பியூரிட்டன்கள் கொதித்தார்கள். இது போப்பின் வேலை. இன்றைக்கு மேசையை நகர்த்துகிறவர் நாளைக்கு நம்மை ரோமுக்கே நகர்த்திவிடுவார்!

ஹென்றி பர்ட்டன் என்ற போதகர் 1636 நவம்பர் 5 அன்று பிரசங்க மேடையேறி, பிஷப்புகள் செய்த புதுமைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். பர்ட்டனுக்குப் பழைய கணக்கும் ஒன்று இருந்தது. ஒருகாலத்தில் அரண்மனையில் இளவரசருக்கு ஊழியம் பார்த்தவர். இளவரசர் சார்லஸ் மன்னரானதும், லாட் ஒரு போப் ஆள் என்று கோள் சொல்லப்போய் வேலையை இழந்தவர். பட்டியல் அச்சாகி ஊரெல்லாம் பரவியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவரைக் கதவை உடைத்துத் தூக்கினார்கள்.

அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்ற இன்னும் இரண்டு பேர், ஜான் பாஸ்ட்விக் என்ற டாக்டரும் வில்லியம் பிரின் என்ற வக்கீலும். பிரின்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பிடிக்காத விஷயங்களைப் பட்டியல் போடுவதைவிடப் பிடித்தவற்றைப் போடுவது சுலபம். ஏனென்றால் எதுவும் இல்லை. ஆண்கள் முடி வளர்ப்பதைக் கண்டித்து 1628-இல் ஒரு புத்தகம். நாடகத்தைக் கண்டித்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் இன்னொன்று. அந்தப் புத்தகத்தின் பொருளடைவில் நடிகைகளை வேசிகள் என்று குறித்துவைத்தார். நேரம் அப்படி, மகாராணியே அரண்மனை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பக்கத்தை யார் படித்தார்களோ தெரியாது, பொருளடைவை எல்லோரும் படித்தார்கள். 1634-இல் 5,000 பவுன் அபராதம், ஆயுள் சிறை, இரண்டு காதும் வெட்டு.

மனிதர் சிறையிலிருந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1637 ஜூனில் மூன்று பேரும் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் நின்றபோது, நீதிபதி ஃபின்ச்சுக்கு ஒரு சந்தேகம். பிரின்னுக்குக் காது இருப்பதுபோல் தெரிகிறதே! முடியை ஒதுக்கிப் பார்க்கச் சொன்னார். போன தடவை வெட்டியவர் கொஞ்சம் தாராள மனசுக்காரர், மிச்சம் வைத்திருந்தார். நீதி முழுமையடைய வேண்டாமா? மிச்சத்தையும் எடுக்கத் தீர்ப்பாயிற்று. கன்னத்தில் ராஜதுரோக அவதூறுக்காரன் என்பதன் இரண்டு எழுத்துகளைக் காய்ச்சிய இரும்பால் பதித்தார்கள். அந்த எழுத்துகள் லாட்டின் முத்திரை என்றும் விரியும் என்று பிரின் சிலேடை பேசினார். கன்னம் வெந்துகொண்டிருக்கும்போது சிலேடை பேசுகிற மனிதரைத் தண்டித்துத் திருத்த முடியும் என்று நம்பியதுதான் அந்த அரசின் பெரிய தவறு. ஜூன் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில், கழுத்தைப் பலகையில் மாட்டி நிறுத்தி, மூன்று பேரின் காதுகளையும் எடுத்தார்கள். ஊரே திரண்டு நின்று அவர்களைத் தியாகிகளாக்கிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காது போனது புதுமை செய்தவர்களுக்கு இல்லை. அடுத்தவரைப் பார்த்து நீ புதுமை செய்கிறாய் என்று சொன்னவர்களுக்கு! அது அவ்வளவு பெரிய அவதூறு. லாட் நீதிமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசி, தன் மேல் சுமத்தப்பட்ட புதுமைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அவர் வாதத்தின் சுருக்கம்: நான் புதுசாக ஒன்றும் செய்யவில்லை, பழைய முறையைத்தான் மீட்கிறேன், புதுமை செய்கிறவர்கள் இவர்கள்தான். பர்ட்டன் கட்சியின் வாதமும் வார்த்தைக்கு வார்த்தை அதுவே. நாட்டின் ஆகப் பெரிய மூளைகள் இரு பக்கமும் உட்கார்ந்து, யார் அதிகப் பழசு என்பதற்காகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டன. இன்றைய ஸ்டார்ட்அப் பையன் ஒருவன் அந்தக் கோர்ட்டுக்குள் நுழைந்து, நாங்கள் முழுக்க முழுக்க இன்னோவேஷன் கம்பெனி என்று சொல்லியிருந்தால், குறுக்கு விசாரணையே இல்லாமல் இரண்டு தரப்பும் ஒற்றுமையாகி அவனைத் தூக்கிலிட்டிருக்கும்.

இத்தனைக்கும் அதே நாட்டில் 1624-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. புதிய உற்பத்திப் பொருளையோ முறையையோ கண்டுபிடித்தவனுக்கு 14 ஆண்டு தனியுரிமை. பட்டறையில் புதுசு செய்தால் பேட்டன்ட். கோயிலில் புதுசு செய்தால் வழக்கு. காசு கிடைக்கிற இடத்தில் புதுமையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை ஆங்கிலேயர் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். மற்ற எல்லோருக்கும் அது புரிய இன்னும் இருநூறு வருடம் ஆயிற்று.

கதை அதோடு முடியவில்லை. 1640-இல் பார்லிமென்ட் மூன்று பேரையும் விடுவித்தது. லண்டனில் ஊர்வல வரவேற்பு. லாட் சிறைக்குப் போனார். 1643-இல் அவர் அறையைச் சோதனை போட்டு டைரியைக்கூட விடாமல் அள்ளிக்கொண்டு போன அதிகாரி யார்? காதில்லாத பிரின்தான். 1645 ஜனவரி 10 அன்று லாட் தலை போயிற்று. காதுக்குத் தலை, வட்டி கொஞ்சம் அதிகம். பிறகு பிரின் அந்தப் பார்லிமென்ட்டோடும் சண்டை போட்டு, ராணுவத்தோடும் சண்டை போட்டு, கடைசியில் மன்னர் கட்சிக்கே வந்து சேர்ந்தார். இரண்டாம் சார்லஸ் அவரை லண்டன் கோபுரத்தின் ஆவணக் காப்பாளர் ஆக்கினார். வாழ்நாள் முழுக்கப் புதுசோடு மல்லுக்கட்டிய மனிதருக்குப் பழைய காகிதங்களோடு வேலை. மன்னர்களுக்கும் எப்போதாவது நல்ல யோசனை தோன்றும்.

கடவுள் ஒருவருக்கே உரிமை

புதுமைக்காவது வசவு கிடைத்தது. கிரியேட்டிவிட்டிக்கு அதுவும் இல்லை. படைப்பது கடவுள் வேலை. தாமஸ் அக்வினாஸ் அதைத் தெளிவாக எழுதியே வைத்துவிட்டார். இல்லாமையிலிருந்து ஒன்றை உண்டாக்க அவர் ஒருவரால்தான் முடியும். மனிதன் தச்சு வேலை பார்க்கலாம், கல் செதுக்கலாம், செய்யுள் கட்டலாம். படைக்கக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் போலந்துக்காரரான சார்பியெவ்ஸ்கி என்ற பாதிரியார், கவிஞனும் கடவுள் மாதிரி புதிதாகப் படைக்கிறான் என்று துணிந்து எழுதினார். அவரும் கவிஞர்தான் என்பது தற்செயல். ஓவியர், சிற்பி, இசைக்காரர் யாருக்கும் அந்தச் சலுகையை அவர் நீட்டவில்லை. 

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. ஷேக்ஸ்பியரைப் பாராட்ட வேறு வார்த்தை தீர்ந்துபோய், 1875-இல் வார்டு என்ற இலக்கிய வரலாற்றாசிரியர் அவருக்குக் கிரியேட்டிவிட்டி இருந்தது என்று எழுதினார். ஆனாலும் அது ஷேக்ஸ்பியர் வகையறாவுக்கான சொத்து. கணக்குப் பிள்ளைக்கும் அது உண்டு என்று யாரும் நினைக்கவில்லை.

நினைத்தவர் ஒரு அமெரிக்க உளவியலாளர். 1950 செப்டம்பரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் ஜே.பி. கில்ஃபோர்ட் மேடையேறி ஒரு கணக்கு சொன்னார். உளவியல் ஆய்வுச் சுருக்கங்களின் தொகுதிகளை அலசியதில், ஏறத்தாழ 1,21,000 தலைப்புகளில் படைப்பாற்றலைப் பற்றியவை வெறும் 186. கூகிளுக்கு அரை நூற்றாண்டு முன்பே கையால் புரட்டி எடுத்த ட்ரெண்ட்ஸ் கணக்கு அது. கோடு கிட்டத்தட்ட தரையிலேயே கிடந்தது.

கில்ஃபோர்ட் கொடியேற்றினார், காசு ஏற்றியது சோவியத் யூனியன். 1957-இல் ஸ்புட்னிக் வானத்தில் பீப் என்றதும் அமெரிக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நம் பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை, அளந்து பார், வளர்த்துவிடு என்று நிதி கொட்டியது. அளப்பது எப்படி? ஒரு செங்கல்லை என்னென்ன வேலைக்குப் பயன்படுத்தலாம், சொல்லு. வீடு கட்டலாம் என்றால் சுமார். கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றால் பரவாயில்லை. ரஷ்யாக்காரன் தலையில் போடலாம் என்று யாராவது எழுதியிருந்தால் முழு மதிப்பெண் விழுந்திருக்கும். 

கலிஃபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பெயர்பெற்ற 40 கட்டடக் கலைஞர்களை அணி அணியாக வரவழைத்து, ஒரு வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, மது ஊற்றி, அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று குறிப்பெடுத்தார்கள். பொண்ணு பார்க்க வந்த வீட்டில்கூட இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள். சோதனைகளில் ஒன்று, பல வண்ணச் சதுர ஓடுகளைக் கொடுத்து ஒரு படம் அமைக்கச் சொல்வது. ஏரோ சாரினன், விமான நிலையக் கட்டடங்களால் புகழ்பெற்றவர், வண்ணங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெள்ளை ஓடுகளை மட்டும் வைத்து முடித்துவிட்டார். படைப்பாற்றலின் உச்சமா, சீக்கிரம் வீட்டுக்குப் போகும் வழியா? பேராசிரியர்கள் உச்சம் என்றே வைத்துக்கொண்டார்கள். ஃபைலும் மூட வேண்டுமே.

இன்னொரு பக்கம் விளம்பரத் துறையிலிருந்து அலெக்ஸ் ஆஸ்போர்ன் கிளம்பினார். பிபிடிஓ என்ற பெரிய விளம்பரக் கம்பெனிப் பெயரில் இருக்கும் ஓ இவர்தான். பத்துப் பேரை ஒரு அறையில் உட்காரவை. வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. பிரெய்ன்ஸ்டார்மிங் பிறந்தது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்ததைவிட, வேறு நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைக் கூட்டிப் பார்த்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை வந்தது. இதற்குப் பிறகு உலகம் என்ன செய்திருக்கும் என்கிறீர்கள்? மீட்டிங் ஹாலைப் பெரிதாகக் கட்டியது. யோசனை பாதியானால் என்ன, டீயும் பிஸ்கட்டும் உண்டு. பொறுப்பு யாருக்கும் இல்லை.

வசவு வாழ்த்தானது

புதுமைக்குப் புதுவாழ்வு கொடுத்ததில் பெரும்பங்கு ஜோசப் ஷூம்பீட்டருக்கு. தொழில்முனைவோர் புதிதாகச் செய்வதால்தான் பொருளாதாரமே முன்னேறுகிறது என்று 1911-இலிருந்து எழுதிவந்த ஆஸ்திரியர். ஆஸ்திரியாவில் ஆகச் சிறந்த குதிரைக்காரன், உலகத்தின் ஆகச் சிறந்த பொருளாதார மேதை, வியன்னாவின் ஆகச் சிறந்த காதலன் என்று மூன்று லட்சியங்கள் தனக்கு இருந்ததாகவும், ஒன்று மட்டும் கைகூடவில்லை என்றும் சொல்லித் திரிந்தவராம். கைகூடாதது எது என்பதை மாணவர்கள் ஊகத்துக்கு விட்டுவிட்டார். 1919-இல் நிதி அமைச்சரானார். அக்டோபருக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு வங்கிக்குத் தலைவரானார். 1924-இல் வங்கி முங்கியது. கடனைப் பல வருடம் கட்டினார். கடைசியில் ஹார்வர்டில் பேராசிரியராக உட்கார்ந்து, 1942-இல், பழைய கம்பெனிகள் அழிந்து புதியவை எழுவதே முதலாளித்துவத்தின் உயிர் என்று விளக்கினார். அழிவுப் பகுதியில் அவருக்குக் கள அனுபவம் இருந்தது.

அழிவு என்றால் நாசம், படைப்பு என்றால் கடவுள். இரண்டையும் படைப்பாக்க அழிவு என்று ஒரே சொற்றொடராகக் கட்டினார் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். வேலை போன தொழிலாளிக்கு அது அழிவு. பங்குதாரருக்குப் படைப்பு. 

போருக்குப் பிறகு கம்பெனிகள் இரண்டு சொற்களையும் கட்டிக்கொண்டன. இரண்டும் ஒன்றா வேறா என்ற குழப்பமும் கூடவே வந்தது. 1963-இல் தியோடர் லெவிட் என்ற ஹார்வர்டு பேராசிரியர் பொறுமையிழந்து ஒரு கட்டுரை எழுதினார். புதுசாக யோசிப்பது படைப்பாற்றல். யோசித்ததைச் செய்து முடிப்பது புத்தாக்கம். ஆபீஸ்களில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை, யோசனையை மேசையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களால்தான் தொல்லை என்பது அவர் புலம்பல். ஆக, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு அறுபது வருடத்துக்கு முன்பே பதில் வந்தாயிற்று. ஆனாலும் தேடல் நிற்கவில்லை.

லெவிட்டின் அளவுகோலை எடுத்துக்கொண்டு லியனார்டோ டா வின்சியிடம் போனால் சங்கடம். சுமார் 1482-இல் மிலன் பிரபு லுடோவிகோவுக்கு அவர் எழுதிய வேலை விண்ணப்பத்தில் பாலம், பீரங்கி, கவச வண்டி எல்லாம் செய்வேன் என்று அடுக்கிவிட்டு, ஓவியமும் வரையத் தெரியும் என்பதைக் கடைசியில் சேர்த்திருக்கிறார். பிரபுவுக்காகப் பிரமாண்ட வெண்கலக் குதிரை செய்ய ஒப்புக்கொண்டார். களிமண் மாதிரி தயாரானது. வெண்கலத்தைப் பீரங்கி வார்க்க அனுப்பிவிட்டார்கள். மாதிரியைப் பிரெஞ்சு வீரர்கள் அம்பெய்து பழகி ஒழித்தார்கள். பறக்கும் எந்திரம் நோட்டிலேயே பறந்தது. யோசனையில் சென்டம், முடித்ததில் அரியர். இந்த மனிதர் பிறந்த ஏப்ரல் 15-இல் தொடங்கி 21 வரை உலகப் படைப்பாற்றல், புத்தாக்க வாரம் கொண்டாடுகிறார்கள்! ஐக்கிய நாடுகள் சபையும் 2017-இல் தீர்மானம் போட்டு, ஏப்ரல் 21-ஐ இரண்டுக்கும் பொதுவான நாளாக அறிவித்தது. படைப்பாற்றல் பொங்கி வர வேண்டும் என்று கமிட்டி கூடித் தீர்மானம் நிறைவேற்றியதை ஆஸ்போர்ன் மட்டும் ரசித்திருப்பார்.

இத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது. சாமர்செட், லாட், பர்ட்டன், பிரின் எல்லோரும் நாட்டையே புரட்டிப் போட்டார்கள்; கடைசிவரை பழசைத்தான் காப்பாற்றுகிறோம் என்று சாதித்தார்கள். இந்தக் காலத்துக்காரர்கள் பழைய கள்ளையே புது மொந்தையில் ஊற்றிவிட்டு இன்னோவேஷன் என்று மேளம் கொட்டுகிறார்கள். அன்று புதுமையை ஒளித்தால் காது தப்பியது. இன்று பழசை ஒளித்தால் முதலீடு கிடைக்கிறது. பொய் அதேதான், திசைதான் மாறியிருக்கிறது.

கூகிள் ட்ரெண்ட்ஸ் கோடுகளையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது. அது எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்வதில்லை. உச்சத்துக்கு 100 போட்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பிட்டு அளக்கிறது. எனவே எந்தக் கோடு மேலே போனாலும் மானுடம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேடல் பெட்டிக்கு ஆசை தெரியாது, அசைன்மென்ட் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டிய மாணவர், காலை பத்து மணிக்கு ஸ்லைடு காட்ட வேண்டிய மேனேஜர், அரசு மானியத்துக்கு விண்ணப்பம் நிரப்புகிற சங்கச் செயலாளர், இவர்கள்தான் அந்தக் கோட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். செங்கல்லை வைத்து நிஜமாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறவனின் கை சிமென்ட்டில் இருக்கும். அவன் எதையும் டைப் செய்ய மாட்டான்.